வாஷ் இறந்த நொடி

2002-இல் அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சி 'ஃபயர்ஃபிளை' தொடரைப் பாதியில் நிறுத்தியது. எடுத்தவை 14 பகுதிகள், அப்போது ஒளிபரப்பானவை 11. கதையைத் தொடங்கிவைக்கும் பகுதியையே கடைசியில்தான் காட்டினார்கள். ஆனாலும் அந்தப் பழைய விண்கப்பலையும் அதிலிருந்த ஒன்பது பேரையும் ரசிகர்கள் விடவில்லை. டிவிடி வாங்கி, நண்பர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் போட்டுக் காட்டினார்கள். கதையில் போரில் தோற்ற படையின் பெயரான 'பிரவுன்கோட்' என்பதையே தங்களுக்கும் சூட்டிக்கொண்டார்கள்.

2005-இல் அந்தக் கதையின் தொடர்ச்சி 'செரினிட்டி' என்ற படமாக வந்தது. அதில் விமானி வாஷ், நொறுங்கிக்கொண்டிருக்கும் கப்பலை எப்படியோ தரையிறக்கிவிட்டு மூச்சுவிடும் நேரத்தில் இறந்துபோகிறான். பொம்மை டைனோசர்களை வைத்து விளையாடுகிறவனாக நமக்கு அறிமுகமானவன். அழக்கூட நேரமில்லாமல் அவன் மனைவி ஸோயி துப்பாக்கி ஏந்துகிறாள். இயக்குநர் ஜாஸ் வீடனை இதற்காக இன்னும் மன்னிக்காத ரசிகர்கள் உண்டு. எனக்கும் வலித்தது. ஆனால் அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் சாகலாம் என்ற பயம் வந்துவிடுகிறது. கடைசிச் சண்டை முழுவதும் அந்தப் பயத்தில்தான் நிற்கிறது.

ரசிகர்களின் அன்பில் எனக்கு மிகவும் பிடித்தது கம்பளித் தொப்பி. தொடரில் ஜேய்ன் என்ற முரடனுக்கு அவன் அம்மா பின்னி அனுப்பியது. ஆரஞ்சும் மஞ்சளும், காதை மூடும் மடிப்பு, உச்சியில் ஒரு குஞ்சம். அதைப் பார்த்துப் பார்த்து, தையல் எண்ணி, தங்கள் கையாலேயே பின்னிப் போட்டுக்கொள்கிறார்கள்.