வளர்த்தலும் பரப்புதலும்

உயிலைப் படைப்பு போலப் படிப்பது விமர்சகனின் வேலை இல்லை என்பார்கள். ஆனால் ஜேம்ஸ் ஸ்மித்ஸன் 1826ல் எழுதிய உயிலில் ஒரு வாக்கியம் அப்படிப் படிக்கத் தகுந்தது. அவர் ஆங்கிலேய ரசாயன ஆராய்ச்சியாளர். ஒரு பிரபுவுக்கு முறைப்படியில்லாமல் பிறந்தவர். அமெரிக்காவில் கால் வைத்ததில்லை. சகோதரன் மகன் வாரிசின்றி இறந்தால் சொத்து அமெரிக்க நாட்டுக்குச் சேர வேண்டும், வாஷிங்டனில் தன் பெயரில் ஒரு ஸ்தாபனம் அமைய வேண்டும் என்று எழுதினார். அதற்கு இரண்டே காரியங்களை விதித்தார்: அறிவை வளர்ப்பது, பரப்புவது.

இதைப் பெயராசை என்று ஒதுக்குவது சுலபம். பெயராசைக்குக் கட்டடம் போதும். வளர்த்தலைப் பரப்புதலுக்கு முன்னால் வைக்கத் தேவையில்லை. 1836ல் தானத்தை ஏற்ற அமெரிக்கக் காங்கிரஸ், அதை வைத்து என்ன செய்வது என்று பத்து வருஷம் சண்டையிட்டு, 1846ல்தான் சட்டம் செய்தது. முதல் செயலாளர் ஜோஸப் ஹென்றி, காட்சிப்பொருள்கள் ஆராய்ச்சியை விழுங்கிவிடும் என்று அஞ்சினார். மியூசியம் பெருத்தது, இரண்டுக்கும் இடையிலான இழுபறி அந்த ஸ்தாபனத்தின் உயிராகவே ஆயிற்று.

ஆம்பூர்ப் பக்கத்தில் இருந்துகொண்டு இதை யோசிக்கிறேன். இங்கும் தோல் வியாபாரிகள் வாரிக் கொடுத்திருக்கிறார்கள். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919லேயே வந்தது. மேல்விஷாரம் கல்லூரி (1965) தோல் வியாபாரி அப்துல் ஹக்கீமின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இந்த ஈகையை நான் குறைத்துப் பேசவில்லை. தோல் ஷாப்பு வாசலைத் தாண்டிப் பிள்ளைகள் போனது இதனால்தான். ஆனால் இது பரப்புதல். வேறெங்கோ விளைந்த அறிவு இங்கே விநியோகமாகிறது. தோலைப் பற்றிய ஆராய்ச்சியை 1948ல் அரசாங்கம் அடையாற்றில் தொடங்கியது.

குழியிலிருந்து எடுத்த தோலின் ஓரத்தை வெட்டி, ஆவாரம்பட்டைச் சாறு நடுவரை இறங்கியிருக்கிறதா என்று கண்ணாலேயே தீர்மானித்த தொழிலாளியிடம் ஒரு ஞானம் இருந்தது. குரோம் டிரம்கள் பெருகியபின் அந்தக் கண்ணுக்கு வேலை குறைந்தது. அதை அறிவு என்று நாம் எண்ணியிருந்தால் அல்லவா சேகரிக்கத் தோன்றும்? நம் மியூசிய மனத்துக்குச் சிற்பமும் செப்பேடும்தான் பழமை. சுண்ணாம்புக் குழி வெறும் நாற்றம்.

வளர்த்தலுக்கு இன்னொரு குணமும் உண்டு: அது கொடுத்தவனையே கேள்வி கேட்கும். இங்கே ஓர் ஆராய்ச்சி ஸ்தாபனம் இருந்திருந்தால் பாலாற்று மணலையும் கிணற்று நீரையும்தான் முதலில் சோதித்திருக்கும். அந்தக் கேள்வி வழக்காகி, உச்ச நீதிமன்றம்வரை போய், 1996ல் தீர்ப்பாகத் திரும்பி வந்தது. மாசுபடுத்தியவனே ஈடு தர வேண்டும் என்ற கோட்பாடு இந்திய சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு அது. அதன் அடியில் கிடப்பது ஊர்க் கிணறுகளின் சரித்திரம்.

எழுதுகிறவர்களும் யோசிக்க வேண்டியது இது. தெரிந்ததைப் பரப்புகிறவனுக்கு ஊர் நன்றி சொல்லும். தெரியாததைத் தோண்டுகிறவனுக்குப் பணம் கொடுத்துவிட்டு, அவன் என்ன கண்டு சொன்னாலும் தாங்கிக்கொள்ள ஒருவர் வேண்டும். அப்படி ஒரு உயில் இந்தத் தோல் ஊர்களில் எழுதப்படுமானால் நான் அதைக் கவிதையாகவே படிப்பேன்.