குஞ்சை அளந்து வாங்கும் தொட்டி

எம்பரர் ஏஞ்சல் மீனின் குஞ்சை ஒருமுறை பார்த்தவர்கள் மறப்பதில்லை. கருநீல உடல்; அதன்மேல் வாலை நோக்கிச் சுருங்கிக்கொண்டே போகும் வெள்ளை வளையங்கள். வளர்ந்த மீனுக்கு நீலமும் மஞ்சளுமாய் மாறிமாறி ஓடும் கோடுகள், கண்ணை மறைக்கும் கறுப்புப் பட்டை. தாயையும் குஞ்சையும் பக்கத்தில் வைத்தாலும் உறவு தெரியாது. பழைய ஆய்வாளர்கள் குஞ்சைத் தனி இனம் என்றே எண்ணி, நிக்கோபார்த் தீவுகளின் பெயரை அதற்கு வைத்திருந்தார்கள். அறிஞர்களுக்கே பிடிபடாத அந்த வேறுபாடு, இன்று மீன்தொட்டிக் கடைக்கு வருபவரையும் விடுவதில்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் மீனைக் காசு கொடுத்து வாங்குகிறார். அது 40 சென்ரிமீற்றர் வரை வளரும் என்பதை யாரும் அவருக்குச் சொல்வதில்லை.

இந்தக் கதையின் தொடக்கம் நம் கரையில் இருக்கிறது. மாம்புரி என்னும் ஊர் இருக்கும், இலங்கையின் கற்பிட்டிக் குடாநாட்டின் ஒருபுறம் திறந்த கடல், மறுபுறம் புத்தளக் களப்பு. குடாநாட்டுக்கு அப்பால், கடலுக்குள், பார் ரீஃப் என்னும் பவளப்பாறைத் தொகுதி. ஏறத்தாழ 300 சதுர கிலோமீற்றர் பரப்பு. 1992இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இலங்கையின் அலங்காரக் கடல்மீன் ஏற்றுமதிக்குக் கற்பிட்டிச் சுழியோடிகள் நீண்டகாலமாக மீன் பிடித்துக் கொடுத்து வருகிறார்கள். தென்மேல் பருவக்காற்று இந்தக் கடலைக் குழப்பும் மாதங்களில் மேற்குக் கரைத் தொழில் ஓய்ந்து, கிழக்குக் கரைக்கு நகரும். இத்தொழிலின் முன்னோடிகளில் ஒருவர் ரொட்னி ஜொங்க்ளாஸ். தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் பணியாற்றிய அவர், கடல்மீன்களைப் பிடிக்கும் முறை பற்றி 1975இல் ஒரு நூலே எழுதினார்.

சுழியோடிகள் பெரும்பாலும் பிடிப்பது குஞ்சுகளையும் இளமீன்களையும். பலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பவளப்பாறையில் குடியேறும் குஞ்சுகளில் மிகப்பெரும் பகுதி வளர்வதற்கு முன்பே இரையாகிவிடும். முட்டையிடும் தாய்மீனைப் பிடிப்பதைவிட, எப்படியும் குறையப்போகும் குஞ்சுகளில் சிலவற்றை எடுப்பது பாறைக்குச் சிறிய இழப்பு. இளமீன் தொட்டித் தீனிக்குச் சீக்கிரம் பழகும். ஒட்சிசன் நிரப்பிய சிறு பையில் விமானம் ஏற்றலாம். பெரிய மீனுக்குத் தண்ணீரின் பாரமே விலையை ஏற்றிவிடும். பவளத்தின் மேல் வலையைக் கவிழ்த்து, உள்ளே ஒளிந்த மீனை வெளியேற்றப் பவளத்தையே உடைத்த மொக்ஸி வலை 1996 விதிகளால் தடைசெய்யப்பட்டது. எந்த இனத்தை ஏற்றலாம், எதை ஏற்றக்கூடாது என்ற பட்டியல்களும் 1998 விதிகளில் வந்தன. கரையில் செய்யவேண்டியதை ஓரளவுக்காவது சட்டம் யோசித்திருக்கிறது.

கோளாறு அதன்பின் தொடங்குகிறது. ஏற்றுமதி விலைப்பட்டியல்களில் மீன்கள் சிறிது, நடுத்தரம், பெரிது என்று பிரிக்கப்படுகின்றன. அந்த அளவுகள் மீன் இன்று இருக்கும் நீளத்தையே சொல்கின்றன. ‘சிறிது’ என்ற பிரிவில் விற்கப்படும் எம்பரரும், என்றைக்கும் சிறிதாகவே இருக்கும் குள்ள ஏஞ்சலும் வாங்குபவர் கண்ணில் ஒன்றாகிவிடுகின்றன. கொழும்பில் ஆனாலும் சென்னைக் கொளத்தூர்ச் சந்தையில் ஆனாலும் ஐரோப்பிய நகரம் ஒன்றில் ஆனாலும், வாங்குபவர் தன் நாலடித் தொட்டியை மனதில் வைத்து அந்தக் குஞ்சைப் பார்க்கிறார். இடம் தாராளமாக இருக்கிறது என்றுதான் அவருக்குப் படும்.

அந்த எண்ணத்துக்குத் துணைநிற்பவை மூன்று நம்பிக்கைகள்.

முதலாவது, மீன் தொட்டியின் அளவுக்கு ஏற்பத்தான் வளரும் என்பது. தமிழ்பேசும் ஊர்களில் இதைக் கேள்விப்படாத மீன்வளர்ப்பாளர் இல்லை. இதில் ஒரு துளி உண்மை உண்டு: நெருக்கமான, கழிவு சேர்ந்த தண்ணீரில் மீனின் வளர்ச்சி குன்றும். ஆனால் அது மீன் தன்னை அளவாக்கிக்கொள்வதன் அடையாளமாகாது, நோயின் அடையாளம். நல்ல தீனியும் நல்ல வடிகட்டியும் இருக்கும் உப்புநீர்த் தொட்டியில் எம்பரர் வளர்ந்துகொண்டேதான் இருக்கும். வளரவில்லை என்றால் வளர்ப்பு தவறுகிறது. இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஏஞ்சல்களுக்கும் டாங் மீன்களுக்கும் தலையிலும் பக்கக்கோட்டிலும் குழிகள் விழுவதுண்டு. அதற்கும் சிறுதொட்டியே காரணம் என்பார்கள். வடிகட்டியில் இடும் சிலவகைக் கரியே இந்தக் குழிகளை வரவழைப்பதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. தீனிக்குறையும் சந்தேகிக்கப்படுகிறது. எல்லாப் பழியையும் தொட்டியின் அளவின்மேல் போடுபவர்கள், தங்கள் நல்ல வாதத்தைத் தாங்களே பலவீனப்படுத்துகிறார்கள்.

இரண்டாவது, அங்குலக் கணக்கு: மீனின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஒரு கலன் தண்ணீர். கடல்மீனுக்கு ஐந்து கலன் என்று தாராளம் காட்டுபவர்களும் உண்டு. இந்த விதிக்கு ஒரு பயன் இருக்கிறது. சின்ன மீன்களை அளவுக்கு மேல் கொட்டி நிரப்பும் புதியவரின் கையை அது பிடித்து நிறுத்தும். இரண்டு அங்குல மீன்கள் பத்துக்கு அது ஏறக்குறையச் சரிவரும். பெரிய மீனிடம் வரும்போது அது முற்றாக உடைந்துபோகிறது. நீளம் நான்கு மடங்கானால் எடை நான்கு மடங்காவதில்லை. நான்கை மூன்றுமுறை பெருக்கிய 64 மடங்கு ஆகும். தின்பதும் மூச்சிழுப்பதும் கழிப்பதும் எடையைத் தொடர்ந்து ஏறும், நீளத்தை அல்ல. பதினாறு அங்குல எம்பரருக்குக் கலன் கணக்குப்படி 60 லீற்றர் போதும் என்று வரும்; அந்தத் தொட்டிக்குள் மீன் திரும்பவே முடியாது. ஐந்து கலன் கணக்கில் 300 லீற்றர் வரும். அது நாலடித் தொட்டியைவிடச் சற்றே பெரிது. விதி எவ்வளவு தாராளமானாலும் அடிப்படைப் பிழை மாறுவதில்லை.

ஒட்சிசனைக் கொண்டு இதைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 28 பாகை வெப்பத்தில் ஒரு லீற்றர் கடல்நீர் கரைத்து வைத்திருக்கக்கூடிய ஒட்சிசன் 6 மில்லிகிராமுக்குச் சற்று மேல். அதே வெப்பத்தில் நன்னீரைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டியில் சுமார் 255 லீற்றர் பிடிக்கும். அந்தத் தொட்டி முழுவதிலும் இருக்கும் ஒட்சிசன் ஒன்றரைக் கிராமுக்குச் சற்றே அதிகம். காற்றுப்பம்பு ஓடும்வரை இது பெரிய விடயமாகத் தெரியாது. 2022இல் இந்த நாட்டில் ஒருநாளில் 13 மணிநேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்கு அயலூரான மாம்புரியில் இருப்பவர்களுக்கு, அந்த நிலையத்தின் ஒரு பகுதி நின்றாலே நாடு என்னவாகும் என்று தெரியும். வளர்ந்த மீன் ஒன்றை ஒன்றரைக் கிராம் ஒட்சிசனுடன் அடைத்து வைத்திருப்பவர், பம்பு நின்ற சில மணிநேரத்தில் அதை இழப்பார். பெரிய தொட்டியும் மின்வெட்டில் தப்பிவிடும் என்று சொல்ல வரவில்லை; அது கொடுக்கும் அவகாசம் கூடுதல், அவ்வளவுதான்.

மூன்றாவது நம்பிக்கையே மிகவும் கௌரவமானது, ஆகையால் மிகவும் ஆபத்தானது: ‘இப்போது சின்னத் தொட்டி, பிறகு பெரிசாக்குவோம்.’ இதன் நியாயங்களை நான் மறுக்கவில்லை. ஐந்து சென்ரிமீற்றர்க் குஞ்சைப் பெரிய தொட்டியில் விட்டால் அது பாறை இடுக்கில் ஒளிந்து, தின்கிறதா என்றே தெரியாமல் போகலாம். பெரிய மீன்கள் அதை விரட்டும். செலவையும் வருடங்களுக்குப் பகிர்ந்துகொள்ளலாம். அனுபவமுள்ள வளர்ப்பாளர் குஞ்சைச் சிறுதொட்டியில் தேற்றி எடுப்பதே முறை. ஆனால் அவரிடம் பெரிய தொட்டி ஏற்கனவே தண்ணீரோடு ஓடிக்கொண்டிருக்கும். மற்றவர்களிடம் இருப்பது ஒரு எண்ணம் மட்டும். வாடகை வீடு மாறுகிறது, பிள்ளை பிறக்கிறது, டொலர் விலை ஏறுகிறது; மீன் மட்டும் எதற்கும் காத்திருப்பதில்லை.

அந்த எண்ணத்தின் உண்மையான விலையை எண்ணிப் பார்ப்போம். வீட்டில் வளர்க்கும் பெரிய கடல்மீனுக்கு நான் வைக்கும் அளவு இது: தொட்டியின் அகலம், வளர்ந்த மீனின் நீளத்தில் இரண்டு மடங்குக்குக் குறையக்கூடாது, நீளம் ஆறு மடங்கு. லீற்றரை நான் கடைசியாகத்தான் கேட்பேன். உயரமான, ஒடுங்கிய தொட்டியும் அதே லீற்றரைக் காட்டும். ஆனால் மீன் நீந்துவது குறுக்கே, காற்று கரைவது மேற்பரப்பில். எம்பரருக்கு இந்தக் கணக்கில் 240 சென்ரிமீற்றர் நீளமும் 80 அகலமும் வரும். உயரம் 70 என்றால் 1,344 லீற்றர். தண்ணீரே ஒன்றேகால் தொன்னுக்கு மேல். வீட்டு மாடித் தளங்கள் பொதுவாகச் சதுர மீற்றருக்கு 150 முதல் 200 கிலோகிராம் தாங்கும்படியே கணக்கிடப்படுகின்றன. இந்தத் தொட்டி அதே பரப்பில் 700 கிலோகிராமைத் தாண்டும். நிலத்தளம் வேண்டும், அதற்கென இட்ட அடித்தளம் வேண்டும். உப்பு வாங்கிக் கரைப்பவர் முதல்நிரப்புக்கு 47 கிலோகிராம் உப்புக்குப் பணம் வைக்கவேண்டும். மாம்புரிக்காரர் கடலில் அள்ளிக்கொள்ளலாம். அந்தச் சலுகை உலகத்தில் மிகச் சிலருக்கே உண்டு.

என் அளவு மிகக் கடுமை என்று சொல்பவர்கள் இருப்பார்கள். ஜப்பானின் ஒக்கினாவா சுராவுமி காட்சிச்சாலையைப் பாருங்கள். பெரிய தொட்டி 35 மீற்றர் நீளம், 27 அகலம், 10 ஆழம். அதில் 8 மீற்றரைத் தாண்டிய திமிங்கிலச்சுறா வாழ்கிறது. உடல் நீளத்தின் நான்கு மடங்கு தொட்டி. அதுவே போதுமா என்று உலகம் இன்னும் விவாதிக்கிறது. அமெரிக்காவின் ஜோர்ஜியா காட்சிச்சாலையில் அதைவிடப் பெரிய தொட்டியில் இருந்த திமிங்கிலச்சுறாக்களில் இரண்டு 2007இல் இறந்தன. 40 சென்ரிமீற்றர் மீனை நாலடித் தொட்டியில் வைப்பவர் அதற்குக் கொடுப்பது உடல் நீளத்தின் மூன்று மடங்கு. மருத்துவர்களும் ஆய்வுகூடமும் கொண்ட நிறுவனத்தைவிடக் குறைவான இடத்தில், வீட்டுக் கூடத்தில், அதை நன்றாக வைத்திருக்கலாம் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

எல்லா மீனுக்கும் ஒரே கணக்கு என்பதும் பிழை. கலவாய் பாறைக்குகையில் கிடந்து இரைக்குக் காத்திருக்கும் மீன். அதற்கு நீந்த இடம் குறைவாகவும் வடிகட்டி மிகப் பெரிதாகவும் வேண்டும். சிங்கமீனும் அப்படியே. நேசோ டாங் நாள்முழுதும் ஓடும். அதற்கு ஆறு மடங்கும் குறைவு. பாரை போன்ற திறந்தகடல் மீனை வீட்டில் எந்த அளவிலும் வைக்கக்கூடாது என்பதே என் முடிவு.

தொட்டியை மீறி வளர்ந்த மீன் எங்கே போகிறது? காட்சிச்சாலைகள் எல்லாவற்றையும் ஏற்பதில்லை. கடை திரும்ப வாங்குவதில்லை. சிலர் ‘இரக்கப்பட்டு’ கடலில் விடுகிறார்கள். இந்திய, பசிபிக் பெருங்கடல்களின் பாறைகளுக்குரிய சிங்கமீன் 1985இல் புளோரிடா கரையில் முதலில் காணப்பட்டது. இன்று கரீபியன் கடலெங்கும் உள்ளூர் மீன்களைத் தின்று பெருகியிருக்கிறது. மீன்தொட்டிகளிலிருந்து விடப்பட்டவையே தொடக்கம் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 2004இல் வெளியான ஓர் ஆய்வு, புளோரிடாவின் பாறைகளில் 16 வகை அந்நியக் கடல்மீன்களைப் பதிவுசெய்து, மீன்தொட்டி வணிகத்தையே வாசலாகக் காட்டியது. அந்தப் பட்டியலில் பெரிதாக வளரும் ஏஞ்சல்களும் உண்டு.

இங்கே, நம் பக்கத்தில், நிலைமை வேறு வகையில் மோசம். 1998இன் பவள வெளிறல் பார் ரீஃபின் ஆழமற்ற பகுதிகளைச் சூறையாடியது. ஓரளவு தேறிவந்த பாறையை 2016 மீண்டும் தாக்கியது. உயிருள்ள பவளம் குறைந்த பாறையில் குஞ்சு நிற்க இடமும் குறைவு. குஞ்சைப் பிடிப்பது சிறிய இழப்பு என்று மேலே சொன்னேன். அது வாழவேண்டிய காலம் வாழ்ந்தால்தான் அந்த நியாயம் நிற்கும். பல்லாண்டு வாழக்கூடிய மீன் ஓராண்டில் நாலடித் தொட்டியில் செத்து, அந்த இடத்துக்கு இன்னொரு குஞ்சு பார் ரீஃபிலிருந்து போனால், சுழியோடியின் உழைப்பும் பாறையின் விளைச்சலும் சேர்ந்தே வீணாகின்றன.

ஆகவே குஞ்சு பிடிக்கும் வழக்கத்தை நான் ஏற்கிறேன். குஞ்சின் அளவைக் காட்டி விற்கும் வழக்கத்தை ஏற்கவில்லை. ஏற்றுமதி செய்பவர்கள் விலைப்பட்டியலில் ஒவ்வோர் இனத்துக்கும் நேரே, வளர்ந்த மீனின் நீளத்தை ஒரு நிரலாக அச்சிடவேண்டும். அதற்குச் செலவில்லை. கடற்றொழில் திணைக்களம் அதை ஏற்றுமதி நிபந்தனையாகவே வைக்கலாம். வாங்குபவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: கடைக்குப் போகுமுன், வளர்ந்த மீனின் நீளத்தைச் சுவரில் கோடாகப் போட்டு, அதை உங்கள் தொட்டியின் அகலத்தோடு ஒப்பிடுங்கள். தொட்டி நாலடி என்றால் எம்பரரை விட்டுவிடுங்கள். குள்ள ஏஞ்சல்களும், பண்ணையில் பொரித்த கோமாளி மீன்களும் அந்த இடத்தில் நன்றாக வாழும்.