சைவதூஷணபரிகாரமும் பாவநிவாரணபலியும்

யாழ்ப்பாணத்து நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய நூலைத் தமிழாக்குதற்குத் துணைநின்றமையும், அம்மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தமையும், அதன்பின் 1854இல் நாவலர் சைவதூஷணபரிகாரம் இயற்றியமையும் சைவ நன்மக்கள் அறிந்தனவே. நம் கிரியைகளைப் பழித்தார்க்கு, 'இத்தகையன நும் பழைய ஏற்பாட்டிலும் விதிக்கப்பட்டனவன்றோ' என்று அந்நூல் விடையிறுத்தது. அவ்விடை பழித்தார் வாயை அடைக்கப் போதியதே. ஆயினும், ஒப்புமை காட்டல் வேறு. பொருள் காண்டல் வேறு. பின்வந்த நம்மவருட் பலர் முன்னதனோடு அமைந்தனர். அக்குறையைப் பாவநிவாரணபலி ஒன்றைக்கொண்டு காட்டுவாம்.

வடக்கனந்தலைச் சூழ்ந்த கல்வராயன் மலையடிவாரத்தே கிடாவெட்டிப் பொங்கலிடக் கண்டார், இசுரவேலர் பலியும் இத்தன்மைத்தே என்பர். ஈண்டு நிகழ்வது நேர்த்திக்கடன். லேவியராகமம் 4, 5ஆம் அதிகாரங்கள் விதிக்கும் பலியோ பெரும்பாலும் அறியாது செய்த பிழைக்குரியது. குரு பிழைப்பினும் சபை முழுதும் பிழைப்பினும் காளை, தலைவனுக்கு வெள்ளாட்டுக்கடா, பொதுமகனுக்குப் பெண்ணாடு, அதற்கு இயலாதானுக்கு இரண்டு புறா, அதற்கும் இயலாதானுக்கு எப்பா அளவிற் பத்திலொரு பங்கு மெல்லிய மா. உயிர்க்கொலையே கருத்தாயின் மா அதற்கு ஈடாகுமோ?

மகப்பெற்ற தாய்க்கும் இப்பலியை 12ஆம் அதிகாரம் விதிக்கின்றது. மகப்பேறு பாவமாகாதன்றே. ஆதலின் ஜேக்கப் மில்கிரோம் என்பார் 1991இல் வெளியிட்ட லேவியராகமவுரையில் இதனைச் சுத்திபலி என்றே கொண்டனர். குருதி பூசப்படுவது பலிபீடத்தின் கொம்புகளிலேயன்றிப் பிழைத்தவன்மேலன்று. மாந்தர் பிழையால் மாசுற்ற சந்நிதானமே தூய்மை செய்யப்படுகின்றது என்பது அவர் கருத்து. ஆலயத்திற் றீட்டு நேர்ந்துழிப் புண்ணியாகவாசனமும் சம்புரோட்சணமும் செய்யக் கண்டார்க்கு இஃது எளிதின் விளங்கும். ஆண்டுக் குருதி, ஈண்டு நீர், இதுவே வேற்றுமை.

துணிந்து செய்த பாவத்துக்கோ எண்ணாகமம் 15ஆம் அதிகாரம் பலி கூறாது, செய்தானை இனத்தினின்று விலக்குகின்றது. பிறர் பொருளை வஞ்சித்தானுக்குக் குற்றநிவாரணபலி வேறு உண்டு. எனினும், முதலோடு ஐந்திலொரு பங்கு கூட்டி உரியவனுக்கு அவன் கொடுத்தல் வேண்டும். பொருளைத் தன்பால் வைத்துக்கொண்டு பலிமட்டும் இடுதற்கு அந்நூல் இடந்தரவில்லை.

எருசலேம் ஆலயம் கி.பி. 70இல் அழிந்தது, பலியும் நின்றது. இக்கருத்து மட்டும் அழியாது நிற்கின்றது. நாவலர் காட்டிய ஒப்புமையை நாம் முற்றுங் கொள்வேமாயின் அது நம்மையும் நோக்கி வினவும்: அறிந்தே அயலான் நிலத்தைக் கவர்ந்து, அதனை மீளக் கொடாது, பரிகாரப் பூசைக்குச் சீட்டெழுதுவோன் எதனைத் தூய்மை செய்கின்றான்? பிறரை மறுத்தற்கு எடுத்த நூல் நம்மைத் திருத்தவும் உதவுமாயின், அதுவே நாவலர்க்கு நாம் செய்யும் கைம்மாறாம்.

திருச்சிற்றம்பலம்.