வகைப் பெருக்கமும் உண்மைப் பன்மையும்

ஒரு கலையின் வளர்ச்சிக்கு அதன் வகைகளின் பெருக்கத்தைச் சான்றாகக் காட்டுதல் திறனாய்வாளர் வழக்கம். வீடியோ விளையாட்டுத் துறையிலும் இவ்வளவுகோலே கையாளப்படுகிறது. 2012இல் வீ யூ, 2013இல் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், 2017இல் நிண்டெண்டோ சுவிட்ச் என வெளிவந்த எட்டாம் தலைமுறைப் பொறிகளின் விளையாட்டுகளை நோக்குவோர், போர், பந்தயம், புதிர், வேடமேற்றல், உழவு என நீளும் பட்டியலைக் கண்டு வியப்பர். அப்பட்டியல் உண்மைப் பன்மையைக் காட்டுகிறதா என்பதே ஆராயத்தக்கது.

பெருநிறுவனப் படைப்புகளை முதலில் எடுத்துக்கொள்வோம். 'அசாசின்ஸ் கிரீட் ஒரிஜின்ஸ்' (2017) பண்டைய எகிப்தில் நிகழ்கிறது. 'ஹொரைசன் சீரோ டான்' (2017) இயந்திர விலங்குகள் திரியும் எதிர்காலத்தில் நிகழ்கிறது. 'மார்வெல்ஸ் ஸ்பைடர்மேன்' (2018) நியூயார்க் நகரில் நிகழ்கிறது. களங்கள் வேறு, காலங்கள் வேறு. ஆயினும் பரந்த நிலம், குறிகள் நிறைந்த வரைபடம், கிளைப்பணிகள், படிப்படியாகப் பெறும் திறன்கள் என்னும் கட்டமைப்பு மூன்றிற்கும் பொது. பெரும்பொருள் செலவிடுவோர் இழப்புக்கு அஞ்சி, முன்பே வென்ற வடிவத்தை நாடுதல் இயல்பே.

இதனால் அவ்வடிவமே குறையுடையது என்று முடிவுகட்டுதல் பொருந்தாது. 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்டு' (2017) அதே பரந்த நிலத்தை ஏற்றுக்கொண்டது, ஆனால் வரைபடத்தில் குறிகளை இட்டு நிரப்பவில்லை. உயரத்தில் ஏறி நின்று, தொலைவில் தெரிவதைக் கண்டு, தானே குறியிட்டுச் செல்லும் பொறுப்பை ஆடுவோனிடம் விட்டது. ஆகவே, வகையின் பெயரைவிட, ஆடுவோனிடம் அது எதை வேண்டுகிறது என்பதே முதன்மையானது.

இவ்வளவுகோலால் நோக்கின், சிறு குழுவினரின் படைப்புகளே அத்தலைமுறையின் செல்வம் எனலாம். டோபி ஃபாக்ஸ் படைத்த 'அண்டர்டேல்' (2015) எவரையும் கொல்லாமலே ஆடி முடிக்கத்தக்கது. எதிரியை வெல்வதே விளையாட்டு என்ற நெடுநாள் எண்ணத்தை அது வினாவுக்கு உட்படுத்தியது. லூகாஸ் போப் உருவாக்கிய 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' (2018) ஆயுதமே தருவதில்லை. ஒரு கடிகாரமும் ஒரு நூலும் கொண்டு, கப்பலில் சென்ற 60 பேர் என்ன ஆயினர் என்பதை ஆடுவோன் உய்த்துணர வேண்டும். 1980இல் தோன்றிய 'ரோக்' வழிவந்த விளையாட்டுகளில் சாவு என்பது பெற்றதை இழத்தல். 'ஹேடீஸ்' (2020) அம்மரபை ஏற்றும் மாற்றியது. அதில் தலைவன் மாளுந்தோறும் தந்தையின் மனைக்கே மீள்கிறான். அங்குள்ளோருடன் அவன் உறவு வளர்கிறது. தோல்வியே கதையை நடத்துகிறது.

எனினும் இச்செல்வம் நிலையானதன்று. சிறு படைப்புகள் பல வட்டாகவோ பேழையாகவோ வெளிவராமல், இணையக் கடையில் மட்டுமே விற்பனையாகின்றன. 2023 மார்ச்சுத் திங்களில் வீ யூ, 3டிஎஸ் பொறிகளுக்கான கடைகளில் நிண்டெண்டோ விற்பனையை நிறுத்தியது. அங்கு மட்டுமே கிடைத்த விளையாட்டுகளைப் புதிதாக வாங்க அன்றோடு வழியில்லாமற்போயிற்று. பொறிக்கு வயதாகும்போது கடையும் மூடப்படுமாயின், முதலில் மறைவன இத்தகைய புதுமுயற்சிகளே. வெளியாகும் வகைகளை எண்ணி மகிழ்வதோடு திறனாய்வு நின்றுவிடலாகாது. எவை எஞ்சுகின்றன என்பதையும் அது கணக்கில் கொள்ள வேண்டும்.