முப்பதாவது கிலோமீட்டரும் மூன்றாவது ஷிப்டும்

இருங்காட்டுக்கோட்டை மோட்டார் பந்தயத் தடத்தின் ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர். அதைப் பதினொரு முறை சுற்றிவிட்டு, மேற்கொண்டு 1,308 மீட்டர் ஓடினால் ஒரு மாரத்தான். 42.195 கிலோமீட்டர். அந்தத் தடத்தின் மதிலுக்கு வெளியே, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை, கம்பெனி பஸ்ஸுக்கும் கன்டெய்னர் லாரிக்கும் ஒதுங்கி, இருட்டில் ஓடிப் பழகுகிறவர்கள் இருக்கிறார்கள். ஜனவரியில் சென்னை மாரத்தானில் ஓடுவதற்காகச் செப்டம்பரிலேயே ஆரம்பித்துவிடுகிறவர்கள். பரிசுப் பட்டியலில் அவர்கள் பெயர் வராது. ஆனால் அவர்களுடைய ஓட்டத்தை அலசினால் ஓட்டக்கலையின் முக்கால்வாசிப் பாடம் அதிலேயே கிடைத்துவிடும்.

ஒரகடத்தில் கார் கம்பெனி ஒன்றின் பாடி ஷாப்பில் வெல்டிங் பார்க்கும் தம்பி ஒருவர் தன் முதல் மாரத்தான் ஓடிய நேரக் கணக்கை என்னிடம் காட்டினார். பாதித் தூரத்தை 2 மணி 17 நிமிடத்தில் தாண்டியிருக்கிறார். 30 கி.மீ. பலகையைத் தொடும்போது 3 மணி 15 நிமிடம். அதுவரை கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம், பிசகே இல்லை. மீதி 12 கிலோமீட்டர் சொச்சத்துக்கு 1 மணி 50 நிமிடம் ஆகியிருக்கிறது. அதாவது கிலோமீட்டருக்கு ஒன்பது நிமிடம். மொத்தம் 5 மணி 5 நிமிடம். "முப்பது வரைக்கும் என் காலு அண்ணா. அதுக்கப்புறம் யாரோட காலையோ இழுத்துட்டு வந்த மாதிரி இருந்துச்சு" என்றார்.

இதே தம்பி தொடக்கத்திலிருந்தே கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் என்று நிதானமாகப் போயிருந்தால் 4 மணி 55 நிமிடத்தில் முடித்திருப்பார். மெதுவாக ஓடியிருந்தால் பத்து நிமிடம் முன்னதாகவே வந்திருக்கலாம்! முதல் முறை ஓடுகிறவர்களில் பெரும்பாலோர் விழும் குழி இதுதான். இதை அவருக்குப் புரியவைக்க நான் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. 'டாக்ட் டைம்' என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. ஒரு ஸ்டேஷனுக்கு இத்தனை விநாடி என்று லைன் வேகம் குறிக்கப்பட்டிருக்கும். முன்னால் இருப்பவர் அவசரப்பட்டால் வண்டி சீக்கிரம் வெளியே வராது, அடுத்த இடத்தில் தேங்கும். தினமும் எட்டு மணி நேரம் இந்தக் கணக்கில் வாழ்கிறவருக்கு ஓட்டத்தின் வேகக்கட்டுப்பாடு புதிய சங்கதி அல்ல. பந்தயத்தன்று மேளச் சத்தத்திலும் கூட்டத்தின் உற்சாகத்திலும் அது மறந்துபோகிறது, அவ்வளவுதான்.

முப்பதில் ஏன் கால் விடுகிறது? தசையிலும் கல்லீரலிலும் சேர்த்துவைத்த மாவுச்சத்து ஏறக்குறைய அந்தத் தூரத்தில் தீர்ந்துபோகிறது. பிறகு கொழுப்பை எரித்துத்தான் ஓட வேண்டும், அது மெதுவாகவே எரியும். வேகம் கூடக்கூட மாவுச்சத்து சீக்கிரம் கரையும். நம் ஊர் வெக்கையும் இதோடு சேர்ந்துகொள்கிறது. மாரத்தானுக்கு உகந்த வெப்பநிலை 10 டிகிரி அளவில் இருக்க வேண்டும். சென்னையில் மார்கழிக் காலையிலேயே 21, 22 டிகிரி. காற்றில் ஈரம் வேறு. வியர்வை உலராமல் வழிந்தோடினால் உடம்பு குளிராது. ஐரோப்பாவில் ஓடுகிறவரின் நேரத்தை வைத்து இங்கே இலக்கு வைக்கக் கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

இவ்வளவும் எந்த ஊர் ஓட்டக்காரருக்கும் பொருந்தும். அந்தத் தம்பியிடம் நான் கேட்ட அடுத்த கேள்விக்கு வந்த பதிலில்தான் இந்தப் பகுதிக்கே உரிய சங்கதி இருந்தது. "பந்தயத்துக்கு முந்தின வாரம் என்ன ஷிப்ட்?" "சி ஷிப்ட் அண்ணா. சனிக்கிழமை காலையில வந்து படுத்தேன்."

புத்தகங்களில் வரும் பயிற்சி அட்டவணையைப் பாருங்கள். செவ்வாய் வேக ஓட்டம், வியாழன் நடுத்தர ஓட்டம், ஞாயிறு நீண்ட ஓட்டம். காலையில் போய் மாலையில் திரும்புகிறவரின் வாரம் அது. வாரத்துக்கு வாரம் ஏ, பி, சி என்று மாறும் ஷிப்டில் இருப்பவருக்கு அந்தச் செவ்வாயும் வியாழனும் ஒரே மாதிரி வருவதில்லை. ஏ ஷிப்டில் விடியலுக்கு முன்பே பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பி ஷிப்டில் வீடு வந்து சேர நள்ளிரவு ஆகிவிடும். சி ஷிப்டில் பகல்தான் இரவு. தகரக் கூரைக்குக் கீழே, பக்கத்து அறையில் மிக்ஸி ஓட, எத்தனை மணி நேரம் தூங்க முடியும்? பயிற்சியில் தசை கிழிகிறது, தூக்கத்தில் கூடுகிறது. மாரத்தான் வீரர் எலியுட் கிப்சோகே பயிற்சி எடுத்த கென்யாவின் கப்டகட் முகாமில் ஓட்டத்துக்கு அடுத்த இடம் ஓய்வுக்குத்தான். 1978இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடிப் பல பத்தாண்டுகள் தேசிய சாதனையாளராக இருந்த சிவநாத் சிங் ராணுவத்துக்காரர். ஓட்டமே அவர் கடமை. நம் தம்பிக்கு ஓட்டம் என்பது எட்டு மணி நேரம் சேஃப்டி ஷூவில் நின்ற கால்களோடு ஆரம்பிக்கிறது. அந்த நிற்பும் பயிற்சிச் சுமைதான். அதைக் கணக்கில் எடுக்காமல் கிலோமீட்டரை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் முதலில் குதிகால் வலிக்கும், அப்புறம் முழங்கால்.

ஆகவே அட்டவணையை வாரக் கிழமையோடு கட்டாமல் ஷிப்டோடு கட்ட வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து. பதினெட்டு வாரப் பயிற்சியில் மூன்று வாரச் சுழற்சி ஆறு முறை வரும். பி ஷிப்ட் வாரத்தில் காலைப்பொழுது நம் கையில் இருக்கிறது, இரவுத் தூக்கமும் உண்டு. நீண்ட ஓட்டத்துக்கு ஏற்ற வாரம் அதுதான். ஆறில் கடைசியை ஓய்வுக்கு விட்டுவிட்டால் ஐந்து நீண்ட ஓட்டங்கள்: 18, 22, 25, 28, 32. ஏ ஷிப்டில் மாலை ஐந்து மணி வெயிலில் நடுத்தர ஓட்டம் போகலாம். பத்துப் பதினைந்து நாள் வெக்கையில் ஓடினால் உடம்பு பழகிவிடும் என்பதால் அந்தப் புழுக்கமும் வீண் அல்ல. சி ஷிப்டில் தூங்கி எழுந்து, பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஐந்தாறு கிலோமீட்டர், அதற்குமேல் வேண்டாம். இரவு வேலை முடித்த கையோடு ஞாயிறு விடியலில் 25 கி.மீ. ஓடிவிட்டு அதைப் படம் எடுத்துப் போடுகிற பழக்கம் இங்கே இருக்கிறது. அதை வீரம் என்று பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. தூங்காத உடம்போடு லாரிச் சாலையில் ஓடுவது ஆபத்து.

சாலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீண்ட ஓட்டங்கள் கூடுகிற அக்டோபர் முதல் டிசம்பர்வரைதான் வடகிழக்குப் பருவமழையும். சர்வீஸ் ரோடு நீரில் மூழ்கினால் பள்ளம் எது, தரை எது என்று தெரியாது. எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி வலப்பக்கமாக ஓடுவதுதான் பாதுகாப்பு. ஆனால் சாலையின் ஓரச் சரிவிலேயே மணிக்கணக்கில் ஓடினால் இடுப்பிலும் முழங்காலிலும் ஒரு பக்கமாகச் சுமை ஏறும். ஏரிக்கரையின் மண்பாதையும் சிப்காட் உட்புறச் சாலைகளும் காலுக்கு இதம்.

ஆண்களுக்கே இந்தப் பாடு. வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாய்ச் செலவில், 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஒரு சிற்றூர் அளவு இளம்பெண்கள் ஒரே இடத்தில். அவர்களில் நூறு பேர் ஓட நினைத்தால், விடியற்காலை ஐந்து மணிக்குப் பயமில்லாமல் எங்கே ஓடுவார்கள்? 2023இல் அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதை அமைத்தது. அதை முன்னின்று நடத்திய அப்போதைய சுகாதாரத்துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன், விபத்தில் முழங்கால் அடிபட்ட பிறகும் நூற்றுக்கு மேற்பட்ட அரை மாரத்தான்கள் ஓடியவர். அந்த நடைபாதைகளைப் போல, விளக்கு போட்ட, லாரி நுழையாத ஒரு மண்பாதை இந்தத் தொழிற்பேட்டைகளுக்குள்ளும் வேண்டும். இதற்குப் பெரிய ஸ்டேடியம் ஒன்றும் தேவைப்படாது.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. வெக்கைக்குப் பயந்து ஒவ்வொரு மேஜையிலும் நின்று வயிறு முட்டக் குடிப்பதும் தவறு. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. அளவுக்கு மீறி நீர் குடித்து ஓட்டத்தின் போதே எடை கூடியவர்களிடம் அது அதிகம் தெரிந்தது. மெதுவாக, ஐந்து மணி நேரம் ஓடுகிற நம்மைப் போன்றவர்களுக்குத்தான் இந்த அபாயம் கூடுதல். தாகத்துக்குக் குடித்தால் போதும். கூடவே ஓஆர்எஸ், மணிக்கு ஒரு வாழைப்பழம், ஒரு கடலை மிட்டாய். முதல் நாள் இரவு கேன்டீன் பிரியாணியை விட்டுவிட்டுத் தயிர்சாதம் சாப்பிடலாம்.

தம்பி இந்த வருடமும் பெயர் கொடுத்திருக்கிறார். சூப்பர்வைசரிடம் இப்போதே பேசி, பந்தயத்துக்கு முந்தின வாரம் ஏ ஷிப்டுக்கு ஆள் மாற்றி வைத்துவிட்டார். போன பி ஷிப்ட் வாரத்தில் ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்கரையில் 18 கி.மீ. ஓடினார். நானும் கொஞ்ச தூரம் கூடப் போனேன். இரண்டு இளைஞர்கள் எங்களைத் தாண்டி வேகமாகப் போனார்கள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு நிமிடம் ஐந்து விநாடி. அவர்கள் பின்னால் போகவில்லை.