ஹான்லேயின் ஒற்றைக் கண்

காமாக் கதிரை ஆடியால் குவிக்க முடியாது, துளைத்துக்கொண்டு போய்விடும். தரைக்கு வரவும் காற்று விடாது. 2008-இல் ஏவப்பட்ட ஃபெர்மி விண்தொலைநோக்கி காற்றுக்கு மேலே போய் அந்தத் தடையைத் தாண்டியது. ஆனால் அதன் முதன்மைக் கருவி கதிரைப் பிடிக்கும் பரப்பு ஒரு சதுர மீட்டருக்கும் குறைவு. உச்ச ஆற்றல் கதிர்களோ மிக அரிதானவை. அந்தச் சின்ன வலையில் அவை எப்போதாவதுதான் விழும்.

செரன்கோவ் தொலைநோக்கியை வடிவமைத்தவர்கள் தடையையே கருவியாக்கினார்கள். நான் இன்னும் வியந்து தீராத யோசனை இது. கதிர் மேல்காற்றில் மோதியதும் துகள்கள் மழையாகக் கிளம்புகின்றன. காற்றில் ஒளி செல்லும் வேகத்தை அவை மிஞ்சுவதால், சில நானோநொடிகளே நீடிக்கும் நீலச் செரன்கோவ் ஒளி பிறந்து, தரையில் சுமார் 250 மீட்டர் அகலத்துக்குப் படர்கிறது. அதற்குள் எங்கே ஆடி இருந்தாலும் கதிர் சிக்கும்.

சிக்குவது காமாக் கதிர் மட்டுமல்ல என்பதுதான் சங்கடம். அதைவிடப் பல மடங்கு அதிகமாக வரும் அண்டக்கதிர்களும் இதே ஒளியைத் தருகின்றன. அமெரிக்காவின் அரிசோனாவில் 1968-இல் எழுந்த விப்பிள் தொலைநோக்கியில் 10 மீட்டர் ஆடி இருந்தும், நண்டு நெபுலாவிலிருந்து வரும் காமாக் கதிரை ஐயமின்றிக் காண 1989 வரை ஆயிற்று. வழி திறந்தது, ஒளிப்படத்தின் வடிவத்தை அளந்து காமாக் கதிரையும் அண்டக்கதிரையும் பிரிக்கலாம் என்று 1985-இல் இயற்பியலாளர் ஹில்லாஸ் காட்டிய முறை. அதற்குப் போதுமானதாக இருந்த கேமராவில் வெறும் 37 ஒளிப்பெருக்கிக் குழாய்கள்.

லடாக்கின் ஹான்லேயில், சுமார் 4,270 மீட்டர் உயரத்தில் 2024-இல் திறக்கப்பட்ட மேஸ் தொலைநோக்கிக்கு 21 மீட்டர் ஆடி. கேமராவில் 1,088 குழாய்கள். பெரிய ஆடியும் உயரமும் சேர்ந்து, ஆற்றல் குறைந்த கதிர்களின் மங்கிய ஒளியையும் பிடிக்கின்றன. ஆனால் அந்த மங்கிய படங்களில்தான் வடிவம் தெளியாது. அண்டக்கதிர் மழையில் பிறந்து அருகே விழும் மியூவான் என்ற ஒற்றைத் துகள்கூடக் காமாக் கதிர்போலவே தோன்றி ஏமாற்றும். சற்றுத் தள்ளி இன்னொரு தொலைநோக்கி நின்றால், பெரும்பாலும் அதற்கு அந்த மியூவான் தெரியாது. பொய் அங்கேயே உடைந்துவிடும். நமீபியாவின் ஹெஸ் தொலைநோக்கித் தொகுதி நான்கு 12 மீட்டர் ஆடிகளோடு தொடங்கியது இதற்காகவே. ஆக, மேஸ் எந்த ஆற்றலை எட்டக் கட்டப்பட்டதோ, அங்கேயே ஒற்றைக் கண் தடுமாறுகிறது.

இருண்ட, மேகமற்ற இரவுகள்தான் வேண்டும் என்பது இந்த முறைக்கே உள்ள குறை; ஆண்டுக்குச் சுமார் 1,000 மணி நேரமே மிஞ்சும். தரைக்கு வரும் துகள்களைப் பிடிக்கும் சீனாவின் லாசோ ஆய்வகம் பகலிலும் இயங்கும், ஆனால் திசையை அவ்வளவு கூர்மையாகச் சொல்லாது. ஹான்லேக்கு அடுத்து வேண்டியது இதைவிடப் பெரிய ஆடி அல்ல. நூறு மீட்டர் தள்ளி இதேபோல் இன்னொன்று.