நாள் விலையும் ரேட் கார்டும்

பிரிட்டனில் தனியாளாகத் தொழில் நடத்தும் மென்பொருள் கான்டிராக்டர்களுக்குப் பல ஆண்டுகளாக ஒரே அறிவுரைதான் கிடைத்துவருகிறது: விலையில் மோதாதே, மேலே ஏறு. இந்தியாவுக்குப் போகும் வேலை போகட்டும், அங்கே செய்ய முடியாததைப் பிடித்துக்கொள். இதன் முதல் பாதி சரி. இரண்டாம் பாதியில்தான் ஓட்டைகள்.

லண்டனில் நாளுக்கு 500 பவுண்டு கேட்கும் கான்டிராக்டரை யாரும் வியந்து பார்ப்பதில்லை. அந்தத் தொகைக்குள், சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகம் ஒன்றில் இருக்கும் இரண்டு பேரை ஒரு அவுட்சோர்சிங் நிறுவனம் பில் செய்துவிட முடியும். கான்டிராக்டர் 400க்கு இறங்கினாலும் கணக்கு மாறாது. அடுத்த வேலைக்கும் அந்த 400தான் பேசப்படும். உண்மையில் அவருக்கு எதிரே நிற்பது சென்னைப் புரோகிராமர்கூட இல்லை, வாடிக்கையாளரின் கொள்முதல் துறை கையில் வைத்திருக்கும் ரேட் கார்டு. ஒரு ஆளின் ஒரு நாளுக்கு என்ன விலை என்பது அதில் இருக்கும். வேலை முடியும்போது மொத்தம் எவ்வளவு ஆகும் என்பது இருக்காது.

பேரத்தில் விலையைக் குறைத்த அவுட்சோர்சிங் நிறுவனம் லாபத்தை இரண்டு இடங்களில் மீட்கிறது. அணியை அது பிரமிடாக அமைக்கும்: மேலே அனுபவசாலிகள் சிலர், கீழே கல்லூரி முடித்து ஓரிரு ஆண்டுகளே ஆனவர்கள் பலர். அடுத்தது சேஞ்ச் ரெக்வெஸ்ட். ஒப்பந்தத்தில் எழுதப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனி மதிப்பீடு, தனி ஒப்புதல், தனி பில். தேவை தெளிவாக எழுதப்பட்டு, அடிக்கடி மாறாமலும் இருக்கும் வேலைக்கு இந்த முறை அருமையாகவே ஓடும். பழைய சிஸ்டங்களின் பராமரிப்பும், ஆயிரக்கணக்கான டெஸ்ட் கேஸ்களை ஓட்டிப் பார்ப்பதும் அப்படிப்பட்டவை. இதை ஒத்துக்கொள்ளாமல் 'தரம்' என்றே பேசிக்கொண்டிருக்கும் கான்டிராக்டர்கள் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். செய்முறை ஒழுங்கில் இந்திய நிறுவனங்கள் எப்போதோ அவர்களைத் தாண்டிவிட்டன.

தனக்கு என்ன வேண்டும் என்று வாடிக்கையாளருக்கே தெரியாதபோதுதான் கதை மாறுகிறது. அங்கே வேலையில் பாதி, கேள்வி கேட்பதுதான். குளிர்காலத்தில் லண்டனில் மதியம் இரண்டு மணிக்கு எழும் சந்தேகம், சென்னையில் இரவு ஏழரை மணிக்குப் போய்ச் சேரும். நிறுவனம் லண்டனில் உட்காரவைத்திருக்கும் ஆன்சைட் கோஆர்டினேட்டர் அதைக் குறித்து அனுப்புவார். மறுநாள் பதிலோடு இன்னொரு கேள்வியும் வரும். அதற்குள் அது சேஞ்ச் ரெக்வெஸ்ட்டா இல்லையா என்ற வாக்குவாதம் தொடங்கியிருக்கும். கான்டிராக்டரோ சம்பந்தப்பட்ட மேலாளரின் மேசைக்கே போய்க் கேட்டு, மாலைக்குள் மாற்றிக் காட்டிவிடுவார். இப்படிப்பட்ட வேலைக்கு 500 பவுண்டு மலிவு. அவர் செய்ய வேண்டியது, நாள் விலையைச் சொல்வதை விட்டுவிட்டு, முடித்துத் தரும் பகுதிக்கு விலை சொல்வது. பலர் இதைச் செய்யத் தயங்குகிறார்கள். காரணம் எளிது: முடிந்த வேலைக்கு விலை சொன்னால், தாமதத்தின் செலவும் சொன்னவர் தலையில்தான்.

இனி அந்த 'அங்கே செய்ய முடியாதது' எது என்று பார்ப்போம். அரிய திறன் என்றார்கள். ஒருகாலத்தில் கோபால் (COBOL) என்ற கணினி மொழி தெரிந்தவர் அரிதானவர். 2000ஆம் ஆண்டுச் சிக்கலை (Y2K) ஒட்டிச் சென்னையில் பயிற்சி வகுப்புகள் பெருகின, அந்த அரிது போனது. வணிக அறிவு என்றார்கள். ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் போன்ற வங்கிகள் சென்னையிலேயே சொந்த மையம் வைத்திருக்கின்றன. வங்கியின் உள்விவகாரம் அங்கே பத்துப் பதினைந்து ஆண்டு இருப்பவருக்குத் தெரிவதில் பாதிகூட ஆறு மாத ஒப்பந்தத்தில் வந்து போகிறவருக்குத் தெரியாது. அருகில் இருக்கிறோம் என்றார்கள். இதுதான் வலுவான வாதமாக இருந்தது. 2020 மார்ச் பொதுமுடக்கத்துக்குப் பிறகு, வீட்டிலிருந்தே எல்லாம் நடக்கும் என்று கான்டிராக்டர்களே நிரூபித்தார்கள். தொலைவிலுள்ள கார்ன்வாலில் இருந்துகொண்டு லண்டன் விலை கேட்பவரிடம், வீடியோவில்தானே பேசுகிறோம், சென்னையிலிருந்து பேசினால் என்ன என்று கொள்முதல்காரர் கேட்டால் பதில் சொல்வது கடினம்.

அறிவுரை சொல்கிறவர்கள் பெரும்பாலும் தொடாத இன்னொன்று வரிச்சட்டம். சொந்த லிமிடெட் கம்பெனி வைத்துக்கொண்டு, நடைமுறையில் ஊழியரைப் போல வேலை செய்பவர், ஊழியருக்கு உரிய வரியையே கட்ட வேண்டும் என்பது 2000 ஏப்ரலில் வந்த ஐஆர்35 விதி. தனக்கு அது பொருந்துமா என்பதை முதலில் கான்டிராக்டரே தீர்மானித்தார். அரசுத் துறையில் 2017இலும், தனியார் துறையில் 2021 ஏப்ரலிலும் அந்தப் பொறுப்பு வாடிக்கையாளர் மீது போனது. பார்க்லேஸ், லாயிட்ஸ், எச்எஸ்பிசி ஆகிய வங்கிகள் 2019இலேயே, இப்படிச் சொந்தக் கம்பெனி வழியாக வருகிறவர்கள் வேண்டாம் என்று முடிவெடுத்தன. அதே வேலையைப் பெரிய நிறுவனமொன்றிடம் முழுச் சேவையாக ஒப்படைத்துவிட்டால் வங்கிக்கு இந்தத் தலைவலி இல்லை. விதியின் நோக்கத்தில் நியாயம் உண்டு. ஆனால் அது யாரை வலுப்படுத்தியது என்று பார்த்தால், கடல் தாண்டி ஆள் வைத்திருக்கும் நிறுவனங்களையும்தான்.

அப்படியானால் மிச்சம் இருப்பது எது? சிறு நிறுவனங்கள். அவற்றுக்கு 2021 மாற்றம் பொருந்தாது. அவற்றின் வேலை பெரிய அவுட்சோர்சிங் நிறுவனங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. பணம்தான் குறைவு, அதுவும் இழுத்தடித்து வரும். அடுத்தது பாதுகாப்பு அனுமதி தேவைப்படும் அரசு வேலை. அதைக் கடல் தாண்டி அனுப்புவது மிகக் கடினம். ஆனால் அந்த அனுமதிக்குத் தனியாள் விண்ணப்பிக்க முடியாது, ஒரு நிறுவனம் முன்மொழிய வேண்டும்; கையில் அனுமதி இருப்பவரைத்தான் நிறுவனங்கள் தேடுகின்றன. ஏற்கெனவே உள்ளே இருப்பவருக்கு மட்டுமே திறக்கும் கதவு அது.

மேலே ஏறு என்பதன் பெரிய குறையும் இதுவே. கீழ்ப்படி இருந்தால்தானே ஏற முடியும்? இளையவர் பழகும் சாதாரண வேலைகள்தான் முதலில் போனவை. ஏற்கெனவே ஏறிவிட்டவர்களில், இரண்டு பக்கமும் தெரிந்தவர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு: ஆன்சைட் கோஆர்டினேட்டராக வந்து, பிரிட்டனிலேயே தங்கி, லிமிடெட் கம்பெனி பதிந்து கான்டிராக்டரானவர்கள். அவர்களில் தமிழர்களும் உண்டு. ஆஃப்ஷோர் மதிப்பீட்டில் எந்த வரியில் காற்று அடைத்திருக்கிறது என்று பார்த்த உடனே சொல்லிவிடுவார்கள். இந்தப் போட்டியில் என் பணம் அவர்கள் மீதுதான். ஆனால் அந்தக் கதவும் குறுகிவிட்டது: இப்படிக் கோஆர்டினேட்டர்கள் வரும் நிறுவன மாற்றல் விசாவில் 2010 ஏப்ரலுக்குப் பிறகு வந்தவர்களுக்கு, அந்த விசாவிலேயே ஐந்தாண்டு இருந்து நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெறும் வழி இல்லை.